ஆறு நிமிட நடை

"சார், இன்னிக்கு நீங்க உக்காருங்க. பாப்பா மட்டும் நடக்கட்டும்."

பாசில் உட்காரவில்லை. மகள் சம்ரீனின் தோளில் வைத்திருந்த கையை எடுக்காமல், புதிதாக வேலைக்கு வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் ரோசரியைப் பார்த்தார்.

"இல்ல மேடம், எப்பவும் நான் பின்னாடியே போவேன். முன்னாடி இருந்த மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நடுவுல புள்ளைக்கு மூச்சு முட்டிச்சுன்னா புடிக்க ஆள் வேணாமா?"

"நான் புடிக்கிறேன் சார். அதுக்குத்தானே இருக்கேன்."

சம்ரீனுக்குப் பதினோரு வயது. பத்து மாதங்களுக்கு முன் சென்னையில் அவளுக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றி வைத்தார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடம், ஆக்சிஜன் இல்லாமல் குளியலறை வரைகூடப் போக முடியாமல் இருந்த பிள்ளை. ஸ்ரீரங்கம் திரும்பியதும் தினமும் நடக்கச் சொன்னார்கள். மாதம் ஒருமுறை திருச்சி ஆஸ்பத்திரியில், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று அளந்து சென்னைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாசில் தன் எலக்ட்ரிகல் கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டார். காலையில் கூட்டம் சேரும் முன்பே மகளுக்கு மாஸ்க் போட்டுக் கொள்ளிடக்கரைக்குக் கூட்டிப் போவார். அவளுக்கு ஓரடி பின்னால் நடப்பார். "மெதுவா போம்மா", "கொஞ்சம் நின்னுக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவளும் மறுபேச்சு பேசாமல் நிற்பாள்.

முதலில் தூரம் ஏறிக்கொண்டே போனது. நானூற்று அறுபது மீட்டர் நடந்த அன்று அவர் மனைவி நஜ்முன்னிசா தெரு முழுக்கச் சேமியா பாயசம் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் இறங்க ஆரம்பித்தது. நானூற்று இருபது. முந்நூற்று எண்பது. போன மாதம் முந்நூற்று நாற்பது.

எக்ஸ்ரேயில் குறையில்லை. ஊதிப் பார்க்கும் மெஷினிலும் குறையில்லை. ஆனாலும் புது நுரையீரலை உடம்பு ஏற்க மறுக்கிறதோ என்று சென்னை டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கும் குறைந்தால் உடனே கூட்டி வாருங்கள், மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டில் துணிமணி அடுக்கிய பை வாசலில் தயாராக நின்றது.

"அத்தா, நீங்க உக்காந்தே இருப்பீங்கதானே?" என்றாள் சம்ரீன்.

"இங்கதாம்மா இருக்கேன்."

"நடுவுல எந்திரிச்சு வர மாட்டீங்களே?"

பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் பாசில். "நீ கூப்பிடு, ஒரே எட்டுல வந்துடுறேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரோசரி கடிகாரத்தைத் தட்டினாள். "நட."

சம்ரீன் நடந்தாள். வராந்தாவின் கோடியில் அடையாளத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றித் திரும்பும்போது அவள் வேகத்தைப் பார்த்து பாசிலுக்குப் பகீரென்றது.

"மெதுவாம்மா! மெதுவா!"

அவர் பாதி எழுந்தார். எதிரே வந்துகொண்டிருந்த சம்ரீன் நடையை நிறுத்தாமலே, உட்காருங்க என்று கையைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். வாய்க்குள் ஓதிக்கொண்டே அவள் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் எண்ணினார். பதினாறு வரை எண்ணியதும் அழுகை வந்து எண்ணிக்கை தவறிப் போயிற்று.

"நிறுத்து" என்றாள் ரோசரி. குழந்தையின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தாள். சுற்றுக் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாள்.

"நானூத்தித் தொண்ணூறு மீட்டர் சார்! ஆக்சிஜன் தொண்ணூத்தி ஏழு. பாப்பாவுக்கு வேர்வைகூட வரல. நான் இப்பவே டாக்டர்கிட்ட பேசுறேன். நீங்க சென்னைக்குப் போக வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன்."

பாசிலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, போனை எடுத்து நாலு எட்டு தள்ளிப் போனார்.

"நஜ்மு, பையைப் பிரிச்சுடு! ஆமா... நானூத்தித் தொண்ணூறு! தனியா நடந்தா புள்ள!" அவர் குரல் விட்டுவிட்டு வந்தது. சந்தோஷத்தில் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை.

ரோசரி சம்ரீனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நல்லா நடக்குறியே, அப்புறம் ஏன் மூணு மாசமா குறைச்சலா நடந்த? பயமா இருந்துச்சா?"

"பயம்லாம் இல்ல மிஸ்."

"பின்ன?"

சம்ரீன் ஒருமுறை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்படியும் பாசிலின் காதில் விழுந்தது.

"நான் வேகமா போனா அத்தாவும் வேகமா வருவாங்க. அப்ப அவங்க மூச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு வந்த மாதிரியே சத்தம் போடுது மிஸ். என்னை நிக்கச் சொல்லிட்டு அவங்கதான் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கேட்டா, 'எனக்கு என்னம்மா, நீ உன்னைப் பாரு'ன்னுடுவாங்க. அவங்களுக்கே தெரியல மிஸ். அதான் நான் மெதுவா நடந்தேன்."

போனில் நஜ்முன்னிசா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தன் இன்னொரு கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பதை பாசில் அப்போதுதான் கவனித்தார்.