இடுப்புயரக் கரடி

கல்யாண மண்டபங்களுக்கு ஐஸ் கட்டியில் அன்னம் செதுக்கிக் கொடுப்பவன் நான். அன்று ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காக இடுப்புயரத்துக்குப் பனிக்கரடி செதுக்கியிருந்தேன். ‘கரியமில வாயுவைக் குறைப்போம், கரடியைக் காப்போம்’ என்று மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் தொங்கியது. பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் உறுதிமொழி எடுக்க முடியாது. அவரை வரவேற்கக் கதவுகளை வேறு அகலத் திறந்து வைத்திருந்தார்கள். கரடி சொட்ட ஆரம்பித்ததும் செயலாளர் தில்லைநாயகம், “எல்லா ஏசியையும் பதினாறுல வைங்கப்பா!” என்று கத்தினார். கதவைச் சாத்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லோடு தாங்காமல் கரண்ட் போனது. டீசல் ஜெனரேட்டரைப் போட்டார்கள்.

விருந்தினர் நாலு மணிக்கு வந்தார். சீட் சூடாகிவிடக் கூடாதென்று அவருடைய கார் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. பொன்னாடை போர்த்தி முடித்ததும், காது கரைந்து முழங்கால் உயரத்துக்கு வற்றி நின்றதை அவர் தடவிக் கொடுத்தார். “நாய் மாதிரி நன்றியுள்ள ஜீவன் கிடையாது. எங்க வீட்டு ராக்கிக்குத் தனி ஏசி ரூமே இருக்கு,” என்றார். மேடையில் இருந்த படித்தவர்கள் கை தட்டினார்கள். “நாய்களைக் காப்போம்” என்று அவர் சொல்ல, முந்நூறு பேர் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள்.

உளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். தில்லைநாயகம் வந்து காதோடு சொன்னார்: “மாஸ்டர், அடுத்த வருஷம் வாலை மட்டும் கொஞ்சம் நீளமா வெச்சுடுங்க.”