இன்னொரு கை

வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. ஞானவேல் இன்னும் தரையில் மல்லாந்து, மரப்பெட்டிக்குள் தலையை நுழைத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். துணி அலமாரியின் கதவையே அறுத்து, நான்கு மாதமாக ஹாலை அடைத்துக்கொண்டு அவன் முதன்முதலாகக் கட்டும் வீடியோ கேம் மெஷின் அது. இன்று சாயங்காலத்துக்குள் அது வேலை செய்யாவிட்டால் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவதாக மனைவி மதிவதனி சொல்லியிருந்தாள். திரும்பி வருவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

திரை ஒளிர்ந்தது! குட்டி பொம்மை ஒன்று நின்றது. பாய்ந்து எழுந்து ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினான். பொம்மை இடப்பக்கம் ஓடிச் சுவரில் முட்டியது. கீழேயிருந்து பார்த்து மாட்டியதில் இடம் வலமாகிவிட்டது.

"ரெண்டே நிமிஷம், வதனி! சரி பண்ணிடறேன்."

"தள்ளுங்க."

அறையிலிருந்து அப்போதுதான் வந்தவள், வலது கையில் சூட்கேஸோடு, இடது கையால் குச்சியை எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் தள்ளினாள். பொம்மை வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பண்ணினதாச்சே. நேராவா இருக்கும்?"

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் குச்சியை விடவில்லை. திரையில் பள்ளம் ஒன்று நெருங்கியது. தாண்டிக் குதிக்கப் பொத்தானை அமுக்க வேண்டும். அதற்கு இன்னொரு கை வேண்டும். ஞானவேல் அவசரமாகக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க."

மறுபடி ஹாரன். ஞானவேல் திரையைப் பார்க்கவில்லை. சூட்கேஸின் பிடியில் இறுகியிருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.