தலையளவு

எழுந்தேன். பல் துலக்கினேன். கேத்திலைப் போட்டேன். பாணுக்குப் பட்டர் பூசி, நின்றபடியே சாப்பிட்டேன்.

கீழே இறங்கி, காரில் படிந்திருந்த பனியை வழித்துத் தள்ளினேன். என் மனைவி துவாரகாவின் ஸ்நோமொபைல் உடுப்புப் பையைப் பின்சீற்றில் வைத்தேன். டோர்செட் பார்க்கிலிருந்து பிக்கரிங்கில் இருக்கும் மாமி வீட்டுக்குக் காரை ஓட்டினேன்.

மாமிதான் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் மயூரி நின்றாள். துவாரகாவின் தங்கை. அக்காவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒருநாள் பனியில் ஓடும் ஸ்நோமொபைலில் போகவேண்டும் என்று, அக்காவின் முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமி இன்னும் ஓம் சொல்லவில்லை.

“ஒருத்தியைக் குடுத்திட்டன் தம்பி. இவளைக் கொண்டுபோறதெண்டால் ஒவ்வொண்டா எனக்குக் காட்டிப்போட்டுக் கொண்டுபோங்கோ. ஒண்டு பிழைச்சாலும் இவள் வாசல் தாண்டமாட்டாள்.”

நியாயம்தான். வேலைத்தள நண்பர்களோடு பல குளிர்காலமாக வடக்கே போய் ஓட்டுகிறேன். இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

மாமி ஏற்கெனவே மயூரியைத் தன் முறையில் தயாராக்கியிருந்தார். பருத்தி ரீசேர்ட், ஜீன்ஸ், இரண்டு சோடி தடித்த சொக்ஸ், கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை.

ரீசேர்ட்டையும் ஜீன்ஸையும் மாற்றிவரச் சொன்னேன். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும். ஓட்டத்தில் அதுவே குளிராகிவிடும். தோலோடு மெல்லிய கம்பளி, அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத காற்சட்டையும் ஜக்கெற்றும்.

சொக்ஸில் மாமி விட்டுக்கொடுக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு சோடி போட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்பியவர்.

மயூரியின் காலில் சப்பாத்தை மாட்டி, விரல்களை அசைக்கச் சொன்னேன். அசையவில்லை. இறுகினால் இரத்தம் ஓடாது மாமி, விரல்தான் முதலில் விறைக்கும் என்றேன்.

மாமி குனிந்து சப்பாத்தின் நுனியை அமத்திப் பார்த்தார். பிறகு ஒரு சோடியைத் தானே கழற்றினார்.

சால்வைக்குப் பதில் கழுத்தோடு ஒட்டும் கம்பளிக் குழாய். தொங்கும் துணி வண்டியின் அடியில் சுழலும் பட்டியில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். ஜக்கெற் தண்ணீரில் மிதக்கக்கூடியது. நாங்கள் ஏரிக்கு மேலால் போகப்போவதில்லை, காட்டுப்பாதையில் மட்டும்தான். ஆனாலும் அதைத்தான் போடுவாள்.

மாமி ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

மயூரி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். “சீரியஸ்லி அத்தான்? மெத்தைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு.”

“வாயை மூடடி. அக்கா போட்டிருந்தால் வடிவா இருந்திருப்பாள்.”

கடைசியாக ஹெல்மெற். முகக்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. நான் உரித்தேன்.

அது மயூரியின் நெற்றியோடு நின்றுவிட்டது.

“அதென்னெண்டு? சின்னனிலையிருந்து ரெண்டு பேருக்கும் ஒரே தலையளவெல்லோ.”

மாமி அவளை இருத்தினார். உச்சிக்கொண்டையை அவிழ்த்து, முடியைப் பிடரியில் தாழ்த்திப் பின்னினார். அடர்த்தியான முடி. அவர்கள் குடும்பத்து முடி. மறுபடி போட்டோம். காதுக்கு மேலே நின்றது.

பின்னலைப் பிடித்திருந்த மாமியின் கை அப்படியே நின்றது.

ஹெல்மெற் இறுக்கமாகத்தான் இருக்கவேண்டும். தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக்கூடாது. செப்ரெம்பரில், கடையில் நாடா வைத்து அளந்தபோது, துவாரகாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிவந்த காலம். தலையில் ஒரு முடியும் இருக்கவில்லை. பனி கொட்டியதும் முதல் ஓட்டம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

அளவு மிகச் சரியாக இருந்தது.

மாமி ஹெல்மெற்றை என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

“போற வழியிலை இவளின்ரை தலைக்கு அளந்து ஒண்டு வாங்குங்கோ” என்றார்.

மயூரி எழுந்து சப்பாத்துச் சத்தத்தோடு வாசலுக்கு வந்தாள். மாமியும் எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

“பின்னேரம் கொண்டுவந்து விடுவன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ தம்பி.”

சொன்னேன். குரல் தடுமாறவில்லை. மாமி வழிவிட்டார்.

துவாரகாவின் குரலும் தடுமாறவில்லை. மருத்துவமனைக் கட்டிலில், போர்வையை இழுத்து விட்டபடி, அவள் கடைசியாகச் சொன்னது:

“நீர் போய்ச் சாப்பிட்டிட்டு வாரும். நான் எங்கை ஓடிப்போகப் போறன்.”