ரயில் மாறுற இடம்

"ரயிலை மறந்திடுங்கோ. பஸ்ஸிலதான் போறம்."

முத்துலிங்கம் இப்படிச் சொன்ன அன்றைக்கே அன்னபாக்கியத்துக்குப் பொறி தட்டிவிட்டது. இந்த மனுசன் எதையோ ஒளிக்கிறார்.

நெளுக்குளத்தில் இருந்து ஆறு பேர் கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறார்கள். மட்டக்களப்பில் மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் திங்கட்கிழமை விடிய, பாதயாத்திரைக்கு முன்னால் போகிற வேல் வெளிக்கிடும். அதோடு சேர்ந்தால்தான் நடை. பிந்திப் போய், வேலுக்குப் பின்னால் ஓடிப் பிடிக்க அது என்ன சந்தைக்குப் போகிற கூட்டமா?

அன்னபாக்கியத்துக்கோ இது நேர்த்திக்கடன். மகன் பாலனைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தபோது வைத்தது. போன வருசம் வயலில் நெல்லுச் சூடடிப்பு என்று தவறிப்போனது. இந்த முறையும் தவறினால் முருகன் பொறுத்தாலும் அவள் மனம் பொறுக்காது.

பிரயாண ஒழுங்கு முழுக்க முத்துலிங்கத்தின் கையில். ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிற ஆள். ரயில் நேரம், பஸ் நேரம் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் அவரும் ரயில் என்றுதான் எழுதினார். வவுனியாவில் ஏறி, வழியில் ஒரு ஸ்டேசனில் இறங்கி, மட்டக்களப்பு ரயிலுக்கு மாறினால் முடிந்தது வேலை.

ஒரு கிழமை போகவில்லை. அத்தனையையும் வெட்டிப்போட்டு, திருகோணமலைக்கு பஸ், அங்கே இருந்து கடலால் மூதூருக்கு லோஞ்ச், பிறகு இன்னும் இரண்டு பஸ் என்று புதுத் தாள் ஒன்றை நீட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, நாங்கள் போய் இறங்க முதல் மட்டக்களப்பு ரயில் போய்விடும் என்றார். சொல்லும்போது ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை.

பொய் சொல்கிற முகத்தை அன்னபாக்கியத்துக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, கூட நடக்க இருந்த விமலேஸ்வரி ஒரு கதை கொண்டுவந்தாள். முத்துலிங்கத்தின் மூத்த மகளுக்குத் திருகோணமலையில் சம்பந்தம் பேசப்படுகிறதாம். அதுதானே பார்த்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவருக்கு முருகன் பேர் ஒரு சாட்டு, மற்ற ஐந்து பேரும் துணைக்கு.

வெள்ளிக்கிழமை காலை, விமலேஸ்வரிக்கு மட்டும் சொல்லிவிட்டு, வவுனியா ஸ்டேசனுக்கே போய்விட்டாள். உள்ளே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இறங்கினால் மற்ற ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்குது, ஆறுதலாக தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறலாம் என்றார்.

அன்னபாக்கியத்துக்குக் கோபம். கோபத்துக்குள்ளே ஒரு சந்தோசமும் இருந்தது. பின்னேரம் எல்லாரும் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் கூடுவார்கள். அங்கே வைத்து ஆளின் வேசத்தைக் கலைக்கிறதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் கோயிலுக்குப் போகிற வழியில் ராக்காயி சேர்ந்துகொண்டாள். தமிழரை அடித்த எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே குடிசை போட்டு, கூலிக்கு வயல் வேலை செய்கிறவள். நடைக்குக் கடைசியாகப் பேர் கொடுத்ததும் அவள்தான். புருசனுக்கு இன்னும் தோட்டத்தில் வேலை என்று சொல்லுவாள். நெற்றியில் எந்நேரமும் பெரிய குங்குமப் பொட்டு.

"ராக்காயி, முத்துலிங்கத்தாரின்ரை பொய் பிடிபட்டிட்டுது. நாங்கள் ரயிலிலதான் போகப்போறம்."

ராக்காயி அப்படியே நின்றுவிட்டாள்.

"ரயில்லயாம்மா? அப்ப நான் வரலீங்க."

ஏன் என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"அந்த ரயில் மாறுற ஸ்டேசன்லதாம்மா அடிக்க வந்தாங்க. என்னையும் புள்ளையையும் பெட்டிக்குள்ள தள்ளிவிட்டுட்டு, அவரு வெளிய நின்னு கதவ மறிச்சுக்கிட்டாரு. ரயில எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவர நான் பாக்கவே இல்லம்மா."

"தோட்டத்தில வேலை எண்டு சொன்னனி?"

"வேற என்னத்தம்மா சொல்றது? காணாமப் போயி மூணு வருசமுன்னு தெரிஞ்சா, பொட்ட அழின்னுதானே சொல்லுவாங்க. அவரு திரும்பி வரணும்னுதான் நான் நடக்கவே போறேன். அவரத் தேடித் தரச் சொல்லி மனு எழுதுறப்ப முத்துலிங்கம் ஐயாகிட்ட மட்டும் சொன்னேன். யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். இந்தத் தடவ ரயிலுன்னு கேட்டதும், என் பேர வெட்டிருங்கன்னு போயிச் சொன்னேன். மறுநாளே பஸ்ஸுன்னு மாத்திட்டாரு."

போன மாதம் குளத்தடியில் நின்று, புருசனில்லாதவளுக்குப் பொட்டு என்ன கேடு என்று யாரோ ஒருத்தியைப் பற்றித் தான் கதைத்தது அன்னபாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது. அப்போது ராக்காயியும் பக்கத்தில் குடத்தோடு நின்றவள். வெட்கத்தில் அன்னபாக்கியத்துக்கு உடம்பு கூசியது.

கோயிலில் முத்துலிங்கம் தாளை விரித்து, எல்லாருக்கும் பஸ் சம்மதம்தானே என்று கேட்டார். விமலேஸ்வரி விடவில்லை.

"அன்னமக்கா இண்டைக்கு ஸ்டேசனுக்கே போய்க் கேட்டுக்கொண்டு வந்தவா. அவா சொல்லட்டும்."

எல்லாரும் அன்னபாக்கியத்தைப் பார்த்தார்கள். முத்துலிங்கம் தாளை மடிக்கத் தொடங்கினார். ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓம், நான் போய்க் கேட்டனான்" என்று எழும்பினாள் அன்னபாக்கியம். "முத்துலிங்கண்ணை சொன்னதுதான் சரி. நாங்கள் போய் இறங்க முதல் மட்டக்களப்பு ரயில் போயிடுமாம். பஸ்ஸிலயே போவம்."

சொல்லிவிட்டுப் பிள்ளையார் பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.