கீர்த்தனனைப் பற்றி ஒரு ரிப்போர்ட்

மகேந்திரராஜா செய்த அநியாயங்களைத் தேவராஜா ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக வாசித்தார்.

"ஒண்டு. மூண்டு வருசத்துக்கு முந்தி எங்கட பெடியள் ஏழு பேர் இவற்ற புட்போல் கிளப் செலக்‌ஷனுக்குப் போனவை. ஒரு மணித்தியாலத்தில ஏழு பேரையும் வீட்ட அனுப்பினவர்.

"ரெண்டு. அடுத்த வருசம் செலக்‌ஷன் வச்ச நாள் தைப்பொங்கல்.

"மூண்டு. போன வருசம் ஒரு தமிழ்ப் பெடியனை எடுத்தவர். எடுத்து என்ன? சீசன் முழுக்க விளையாட விடாமல் வாங்கில இருத்தி வச்சவர்.

"நாலு..." கண்ணாடியைக் கழற்றிச் சபையைப் பார்த்தார். "எங்கட கீர்த்தனன்!"

சிட்னியின் பென்டில் ஹில் மண்டபத்தில் நாற்பது பேரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் கீர்த்தனனின் அம்மா சிவனேஸ்வரி மட்டும் தட்டவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தனனுக்கு இருபது வயது. அமெரிக்கன் புட்போலில் முக்கால்வாசி வேலை கைக்குத்தான். ஆனால், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பவும் ஒருவன் வேண்டும். கீர்த்தனன் பத்துக்கு ஒன்பது அனுப்புவான். சிட்னியிலிருந்து ஓர் உதைகாரனைப் படிப்புச் செலவோடு எடுத்துக்கொள்ள அமெரிக்கக் கல்லூரி ஒன்று சம்மதித்திருந்தது. யாரென்று அன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டியவர் மகேந்திரராஜா. அவர் வேறொருவன் பெயரை எழுதி வைத்திருந்தார்.

தேவராஜா சும்மா இருப்பாரா? ஊரில் துண்டுப் பிரசுரம் அடித்தவர். சிட்னியில் ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளருக்காக ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தியவர். ஒரே இரவில் நோட்டீஸ் எழுதி, ஊரைக் கூட்டி, மகேந்திரராஜாவையும் வரவைத்துவிட்டார்.

"நீர் மலேசியாவில பிறந்தனீர். அமெரிக்காவில பெரிய டீமுக்கு ஆள் பிடிச்சனீர். பிறகு அங்க துணைத் தலைவராம். இங்கயும் கிளப் உம்மட கையில. எங்களை மாதிரி ஆக்களைக் கண்டால் உமக்குக் கண் தெரியாது, என்ன?"

மகேந்திரராஜா எழுந்தார். கையில் ஒரு கோப்பு.

"இருபத்திரண்டு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன் அண்ணே. மோட்டல்ல தூங்கி, கார்ல சாப்பிட்டு. கீர்த்தனன் கால்ல ஒரு குறையும் இல்ல."

"கேட்டியளே! அவரே சொல்லுறார்!"

"உதைக்கிற காலை மைதானத்துல பார்ப்போம். ஆள் எப்படின்னு அவனைத் தெரிஞ்சவங்ககிட்ட விசாரிப்போம். அமெரிக்காவுல நான் முடிவெட்டுற கடையில போய் உட்காருவேன். இங்க எங்களுக்கு ஆள் தேடுற ஸ்கவுட், பத்மான்னு ஒரு அம்மா போவாங்க. அந்த விசாரிப்புல ஒருத்தர் சொன்னது சரியில்ல. அதான் எடுக்கல."

"ஆர் அந்த ஒருத்தர்?"

"பேரை வெளியில சொல்றதில்ல அண்ணே. அது எங்க வழக்கம்."

"மொட்டைக் கடுதாசி வழக்கமோ?" தேவராஜா மேசையில் குத்தினார். "நாப்பது சாட்சி இருக்கினம். பேரோட வாசியும்!"

மகேந்திரராஜா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "வேணாம் அண்ணே. விட்டுடுங்க."

"ஆரைக் காப்பாத்துறீர்? வாசியும்!"

சபையும் சேர்ந்துகொண்டது. "வாசியும்! வாசியும்!"

அப்போதுதான் சிவனேஸ்வரி எழுந்தாள். "தம்பி, என்ர பிள்ளையைப் பற்றி ஆர் என்ன சொன்னது? எனக்குத் தெரியவேணும்."

மகேந்திரராஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை.

"சரிம்மா. ஒண்ணு சொல்றேன். அந்த ஆள் இங்க எழுந்து நின்னு 'நான் சொன்னது பொய்'ன்னு சொல்லட்டும். இந்தப் பக்கத்தை இப்பவே கிழிச்சிடறேன். அஞ்சு மணிக்குக் கீர்த்தனன் பேர்தான் அமெரிக்கா போகும்."

கோப்பைத் திறந்து, பத்மா எழுதியிருந்ததை வாசித்தார்.

"சனிக்கிழமை காலை பதினொரு மணி. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கீர்த்தனன் ஆள் எப்படி என்று கேட்டேன். 'பெம்பிளை வீட்டுக்காரரோ?' என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்."

சபையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அவர் சொன்னது சொன்னபடி: 'பிறந்த நாளில இருந்து தெரியும். ஒரு வேலையிலயும் நிலைச்சு நிக்கமாட்டான். ஆர் சொல்லும் கேளான். குடியும் இருக்கெண்டு கதை.'"

"அம்மா, நான் குடிக்கிறேல்ல," என்றான் கீர்த்தனன்.

"எவனடா அது? எழும்படா!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

தேவராஜா தன் நோட்டீஸை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"வாசிச்சது காணும் தம்பி," என்றார். "நேரமும் போகுது. சபையைக் கலைப்பம்."

"இல்லை, வாசியுங்கோ தம்பி," என்றாள் சிவனேஸ்வரி.

மகேந்திரராஜா தேவராஜாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணைக் காகிதத்துக்குத் திருப்பினார்.

"கடைசியில் சொன்னது: 'நல்ல இடத்துப் பிள்ளையெண்டால் இவனை விடுங்கோ. எங்கட வீட்டில என்ஜினியர் மகன் இருக்கிறான். முப்பத்தஞ்சுதான்.' பெயர் கேட்டேன். நான் பிழையாக எழுதிவிடுவேன் என்று, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்."

மகேந்திரராஜா குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"கந்தையா தேவராஜா."