முப்பத்தாறு டிகிரி

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வலது பக்கம் முழுக்கக் காலி. டிரைவர் வடிவேலு அன்றும் ஒரு பஸ்ஸின் பின்னாலேயே ஊர்ந்து வந்து, கம்பெனி காரை அதன் முதுகோடு ஒட்டித்தான் நிறுத்தினார்.

முன் சீட்டிலிருந்த சத்யநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிறுசேரி அலுவலகத்தில் ஒன்பதரைக்குள் கார்டு தேய்க்க வேண்டும். இந்த மாதம் இதோடு ஏழு நாள் தாமதம். மேலதிகாரி விளக்கம் கேட்டு எழுதிவிட்டார்.

"அந்த பஸ்ல உங்க சொந்தக்காரங்க யாராவது போறாங்களா?"

"இல்ல சார். பெரிய வண்டியாச்சே, ஒரு மரியாததான்."

பின் சீட்டில் மாளவிகா சிரித்துவிட்டாள். சேலையூரில் ஏறுபவள். ஏழு மாதக் கர்ப்பிணி.

வடிவேலு டாஷ்போர்டில் வெளி வெப்பம் காட்டும் எண்ணை செல்போனில் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். முப்பத்தேழு. பிறகு ஏசியைப் போட்டார். கம்பெனி விதி அது. வெளியே முப்பத்தாறு டிகிரி இருந்தால்தான் ஊழியர் வண்டியில் ஏசி. அதற்குப் படம் சாட்சி. ஒரு தடவை அனுப்பிவிட்டால் போய்ச் சேரும்வரை ஓடலாம். அந்த விதியை எழுதிய அறையில் வருடம் முழுக்க இருபத்திரண்டு டிகிரி.

அன்று மதியமே சத்யநாராயணன் புகார் கொடுத்தார். வண்டிகளுக்குப் பொறுப்பான ஸ்ரீநிவாசராகவன், வடிவேலுவைக் கூப்பிட்டு விசாரித்தார். காலியாக இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு பஸ் பின்னால் நிற்பானேன் என்று மூன்று முறை கேட்டும், தப்புதான் சார் என்பதற்கு மேல் வடிவேலு பேசவில்லையாம். நாளை முதல் வர வேண்டாம், வார முடிவில் டிரைவர் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஹேமநாத் வந்தான். பஸ்களை ஒதுக்கிவிட்டுப் பறந்தான். சத்யநாராயணனுக்குத் திருப்தி. ஆனால் மேடவாக்கம் தாண்டியும் வண்டிக்குள் ஒரே புழுக்கம்.

"தம்பி, ஏசி போடலையா?"

"முப்பத்துநாலுதான் காட்டுது சார்."

"நேத்து இதே நேரத்துக்கு முப்பத்தேழு இருந்துச்சே. வெயிலும் இதே வெயில்தான்."

ஹேமநாத் கண்ணாடியில் மாளவிகாவை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"அது வெயிலு இல்ல சார். சூடு பாக்குற சென்சாரு முன் பம்பருக்குப் பின்னால கீது. அங்க இன்னா காத்து படுதோ அதத்தான் இது காட்டும். ஓடிகினே இருந்தா சரியா காட்டும். பஸ்ஸு பின்னால ஒட்டிகினு நின்னா, அந்தச் சூடு பட்டு ரெண்டு மூணு ஏறிக்கும்."

"அப்போ இத்தனை நாளா ஏமாத்தியிருக்கார்."

"ஆமா சார். எட்டு வருசமா ஓட்டுறாரு, அண்ணன் இதச் செஞ்சதே இல்ல. போன மாசம் இந்த அக்காக்கு வண்டியிலயே மயக்கம் வந்துச்சாமே, அதுலேர்ந்துதான். ஆபீஸ்ல சொல்லியிருந்தா, பஸ் பின்னால எவனும் நிக்கக்கூடாதுன்னு இன்னொரு ரூலு வந்துடும். அப்புறம் எந்த வண்டி வந்தாலும் அக்காக்கு ஏசி கிடையாது. அதான் வாயத் தொறக்கல."

மயக்கம் வந்த அன்று தண்ணீர் பாட்டிலை நீட்டியது சத்யநாராயணன்தான். நீட்டியதோடு மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். மாளவிகா கண்ணை மூடிக்கொண்டு துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் நீ ஏன் தம்பி செய்யல?"

"நீங்க முன்னால உக்காந்துகினு கீறீங்களே சார்."

சத்யநாராயணன் செல்போனை எடுத்து ஸ்ரீநிவாசராகவனை அழைத்தார்.

"சார், வடிவேலு பேரை எடுத்துடாதீங்க. பஸ் பின்னாலயே போகச் சொன்னது நான்தான்."

புகார் கொடுத்ததும் நீங்கள்தானே என்று அவர் குழம்பினார். அப்படியானால் ஏழு நாள் தாமதத்துக்கும் நீங்களேதான் பொறுப்பு, உங்கள் மேலதிகாரிக்கு அப்படியே எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

"எழுதிடுங்க சார். ஸ்பீடுன்னா எனக்குப் பயம். வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு."