பூநாரைகள் வந்த நேரம்

எங்கள் கடலில் நிற்கும் காற்றாலைகள் பறவைக் கூட்டத்தைக் கண்டால் தாமாகவே நின்றுவிடும். மனிதருக்காக அவை நிற்க, தலைநகரிலிருந்து உத்தரவு வர வேண்டும்.

என் கணவர் கஸ்பார் ஒரு காற்றாலையின் உச்சியில் பழுது பார்க்கையில் கால் நசுங்கி, ரத்தம் நிற்காமல் கிடந்தார். ஹெலிகாப்டர் வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் மற்ற காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்ததால் அது நெருங்க முடியவில்லை. நானும் அவரைப் பெற்ற மாமியும் கரை அலுவலகத்தில் வயர்லெஸ் முன்னால் இருந்தோம்.

"உத்தரவு வந்துட்டா, ஸ்டெல்லா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டார் கஸ்பார்.

"இப்ப வந்துரும்னு சொல்லுதாவ."

"எனக்கு ரெண்டு றெக்கை இருந்தா எப்பவோ நிறுத்தியிருப்பானுவ" என்று சிரித்தார். அதன்பின் அவர் பேசவில்லை.

உத்தரவு வரவேயில்லை. சாயங்காலம் வடக்கிலிருந்து பூநாரைகள் வந்தன. எல்லாக் காற்றாலைகளும் நின்றன. பறவைகளுக்குப் பின்னால் உள்ளே போன ஹெலிகாப்டர் அவருடைய உடலைக் கொண்டுவந்தது.

இப்போதும் பூநாரைகள் வரும் நாட்களில் ஊரில் கரண்ட் போய்விடும். எல்லோரும் அவற்றைத் திட்டுவார்கள். மாமி மட்டும் கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்துக் கேட்பார்:

"அன்னைக்குக் கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா, மக்கா?"